ராஜம் கிருஷ்ணன் எப்போது எழுதுவார்?

தொடர்ப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கும் கதை இலாகாவினருக்கும் இயக்குநருக்கும்,

போன ஏப்ரலில் நீலகிரியில் மஞ்சூர்ப் பக்கம் நீங்கள் நடத்திய படப்பிடிப்பில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். 'லோக்கல் கன்சல்டன்ட்' என்று எல்லோரிடமும் என்னை அறிமுகப்படுத்தினீர்கள். மடக்கு நாற்காலி, குடை பிடிக்க ஒரு பையன், மணிக்கொரு தரம் டீ என்று கவனித்துக்கொண்டீர்கள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. அதன் பிறகு மூன்று கடிதம் எழுதினேன், இரண்டு தடவை போனில் பேசினேன். "டீம்ல பேசிட்டுச் சொல்றோம்மா" என்றார் ஒரு தம்பி. அவர் சொல்வதற்கு முன்னால், எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணனின் வாழ்க்கையை வைத்து நீங்கள் எடுக்கும் தொடரின் முன்னோட்டமே வந்துவிட்டது. தனியாகச் சொல்லிப் பயனில்லை என்று ஆன பிறகு, எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

முன்னோட்டத்தை நான்கு முறை பார்த்தேன். நரைத்த தலையோடு ஒரு மூதாட்டி முதியோர் இல்லத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். வெளியே மழை, பின்னால் வயலின். "ஊருக்கெல்லாம் கதை சொன்னவ கதையைக் கேட்க ஒருத்தரும் இல்ல" என்று ஒரு குரல். அங்கிருந்து பழைய நினைவு: மலை ரயிலிலிருந்து இறங்கும் சிறுமிக் கல்யாணப்பெண், முறைக்கிற மாமியார், மலைச் சரிவில் நீலப் பூக்களோடு காத்து நிற்கும் ஒரு வாலிபன். திரும்பவும் ஜன்னல், திரும்பவும் மழை. கடைசியில் ராஜம் கிருஷ்ணன் என்ற பெயர்.

பெயரை எடுத்துவிட்டால் இது யார் கதை என்று யாராலும் சொல்ல முடியாது. அதுதான் என் வழக்கு.

முன்னோட்டத்தை மட்டும் வைத்துச் சண்டைக்கு வரவில்லை. முதல் நாள் சாயங்காலம் உங்கள் உதவி இயக்குநர் ஒருவர் தொடர் முழுவதன் கதைச் சுருக்கத்தையும் என் கையில் கொடுத்து, "டீச்சர், தமிழ்ல மிஸ்டேக் இருந்தா மட்டும் திருத்திக் குடுங்க" என்றார். 64 பக்கம். வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன். ஒற்றெழுத்துகள் நிறையக் காணாமல் போயிருந்தன, போட்டுக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் வந்த பிறகுதான் வேறொன்றும் காணவில்லை என்று உறைத்தது. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், விடைத்தாள் திருத்திய பழக்கத்தில், ஓரத்தில் கோடு போட்டு எண்ணினேன். ராஜம் கிருஷ்ணன் அழுகிற காட்சிகள் 31. மாமியார் திட்டுகிற காட்சிகள் 12. அவர் கையில் பேனா இருக்கிற காட்சி ஒன்றே ஒன்று. முதியோர் இல்லத்தில் சேரும்போது படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

80 புத்தகங்களுக்கு மேல் எழுதிய ஒருவரின் வாழ்க்கைக் கதை அது!

மறுநாள் காலையில் இயக்குநரிடம் இதைக் கேட்டேன். கோபப்படாமல் பதில் சொன்னார், அதற்கு நன்றி. "எழுதுறதை எப்படிம்மா காட்டுறது? ஒருத்தர் உக்காந்து எழுதிட்டிருந்தா சீன் நகராதே. ஆடியன்ஸ் சேனல் மாத்திடுவாங்க."

நியாயமான சந்தேகம்தான். உட்கார்ந்து எழுதுகிற ஆளையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க என்னாலும் முடியாது. ஆனால் இந்த அம்மா உட்கார்ந்த இடத்தில் கற்பனை பண்ணி எழுதியவரா? தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய், அளத்தில் உப்பு வாருகிறவர்களின் கண்ணையும் காலையும் பார்த்துவிட்டு வந்து 'கரிப்பு மணிகள்' எழுதினார். மீனவர்களை 'அலைவாய்க் கரையி'லும், தஞ்சை வயல் கூலிகளைச் 'சேற்றில் மனிதர்க'ளிலும், சிவகாசிப் பிள்ளைகளைக் 'கூட்டுக் குஞ்சுக'ளிலும் எழுதினார். கோவா விடுதலையை வைத்து ஒரு நாவல். சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையரை வைத்து இன்னொன்று. முசிறியில் 1925இல் பிறந்து, பதினைந்து வயதில் கல்யாணமாகி, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாமல், தானே படித்துத் தானே தேறிய ஒரு பெண் இத்தனை இடத்துக்கும் போயிருக்கிறார். எப்படிப் போனார்? வீட்டில் என்ன சொன்னார்கள்? யார் சமைத்தார்கள்? முன்பின் தெரியாத ஊரில் முதல் ஆளிடம் பேச்சை எப்படி ஆரம்பித்தார்? உப்பளத்துப் பெண் ஒருத்தி "நீ யாரு, கணக்கெடுக்க வந்தியா?" என்று முகத்தில் அடித்தாற்போலக் கேட்டால் அந்த இடத்தில் என்ன செய்வார்? இதில் ஒன்றை எடுத்தாலே உங்களுக்கு ஒரு வாரம் ஓடும். அவர் வீட்டில் சமைத்து வைத்துவிட்டுப் போனாரா என்பதை மட்டும் வைத்துத் திங்கள் முதல் வெள்ளி வரை ஓட்டலாம், எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருவர்கூடச் சேனல் மாற்ற மாட்டார்கள்.

இயக்குநர் சிரித்தார். "நல்ல ஐடியாம்மா" என்று சொல்லிவிட்டு மானிட்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

சரி, மலைக்கு வருகிறேன். நான் பேச உரிமையுள்ள இடம் அதுதான்.

என் அப்பா குந்தா மின்திட்டத்துக்குக் கூலியாக வந்தவர். கனடா நாட்டு உதவியோடு 1950களின் நடுவில் தொடங்கிய வேலை அது. சமவெளியிலிருந்து லாரி லாரியாக ஆள் வந்து இறங்கினார்கள். அப்பா சுரங்கத்தில் பாறை அள்ளினார். நான் மின்வாரியக் கேம்பில் பிறந்து வளர்ந்தவள். ஆடி மாதத்தில் அங்கே துணி காயாது. கரி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் ஈரத் துணியை விரித்து உலர்த்துவார் அம்மா. பள்ளிக்கூடத்துக்குப் போனால் எல்லோர் மேலும் ஒரே புகை வாசனை. நோட்டுத் தாள் நமுத்துப் போய், மைப் பேனாவால் எழுதினால் எழுத்து பூவாக விரியும். பரீட்சைத் தாளை எங்கள் வாத்தியார் தணலுக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கிக் கொடுப்பார்.

மின்துறைப் பொறியாளரின் மனைவியாக இந்த நீலகிரிக்கு வந்து வாழ்ந்தபோதுதான் ராஜம் கிருஷ்ணன் இந்த மலையில் வாழும் படுகர்களின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தார். அதை வைத்து 1963இல் 'குறிஞ்சித் தேன்' நாவல் வந்தது. நான் அவரை நேரில் பார்த்ததில்லை, பார்த்ததாகக் கதை விடப் போவதும் இல்லை. ஆனால் ஈரக் காகிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மலை மழையில் ஒரு பெண் தணலுக்கு முன்னால் தாளைப் பிடித்து உலர்த்தி, எழுதி, மறுபடியும் உலர்த்துவதாகக் காட்டினால் அந்தக் காட்சி நகராதா? நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? அந்தப் பொறியாளர் குடும்பத்தைக் குன்னூரில் ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் பங்களாவில் குடி வைத்து, வாசலில் தலைப்பாகைக்கார பட்லரை நிறுத்தியிருக்கிறீர்கள். சரவிளக்கு வேறு தொங்குகிறது. மின்வாரியத்தில் வேலை பார்த்த யாராவது அந்தச் சரவிளக்கைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

ரயிலும் அப்படித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் ரயில் வந்தது, ஊட்டிக்கு 1908இல். அதற்கு மேல் ஒரு கெஜம்கூடப் போகவில்லை. குந்தாவுக்கும் மஞ்சூருக்கும் இன்றைக்கும் பஸ்தான். உங்கள் கதையிலோ அவர் எந்தப் படுகர் ஊருக்குப் போனாலும் நீல ரயிலில் போய் இறங்குகிறார். ரயில் அழகாக இருக்கிறது, நானும் ஒத்துக்கொள்கிறேன். கொண்டை ஊசி வளைவில் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாந்தியை அடக்கிக்கொண்டு ஒரு எழுத்தாளர் பஸ்ஸில் போவதும் அழகாகத்தான் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். என்னால் பொறுக்க முடியாதது ஹட்டிக்காரர்களை நீங்கள் நடத்திய விதம்.

படுகர் ஊரை ஹட்டி என்பார்கள். வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும். நீங்கள் போட்ட செட்டில் அரைப் பீப்பாயைக் கவிழ்த்தது போல மூங்கில் குடிசைகள். அவை தோடர்களுடையவை. தோடர் இருப்பிடத்துக்கு மந்து என்று பெயர். வேறு மக்கள், வேறு மொழி, வேறு கோயில். எங்கள் ஊர் மூதாட்டி ஒருவர் துணை நடிகையாக நாள் சம்பளத்துக்கு வந்திருந்தார். அவருக்குத் தோடர் பெண்களின் பூத்துக்குளியைப் போர்த்திவிட்டீர்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கையால் இழையெண்ணிச் செய்த அந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது அவர்கள் சொத்து. படுகப் பெண்கள் உடம்பைச் சுற்றி வெள்ளை முண்டும் தலையில் வெள்ளைக் கட்டுமாக இருப்பார்கள். "இது எங்களுது இல்லையேம்மா" என்று அந்தப் பாட்டி என்னைப் பார்த்துச் சொன்னார். நான் உடைப் பொறுப்பாளரிடம் சொன்னேன். "பிளெய்ன் ஒயிட் கேமராவுக்கு ஒத்துக்காது டீச்சர், இது எடுப்பா இருக்கு" என்றார். பாட்டி அன்று முழுக்க அடுத்தவர் துணியைப் போர்த்திக்கொண்டு கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். அதைத்தான் நீங்கள் நல்ல நடிப்பு என்று கைதட்டினீர்கள்.

பேச்சு அதைவிட மோசம். ஹட்டிக்காரர்கள் எல்லோரும் "வருது சாமி, போவுது சாமி" என்று பேசுகிறார்கள். இந்தத் தமிழ் எந்த ஊரில் இருக்கிறது என்று 31 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்குத் தெரியவில்லை. படுகம் தனி மொழி. தனக்கென்று எழுத்து இல்லை, ஆனால் பாட்டும் பழமொழியும் நிறைந்த மொழி. அதைப் பேசுகிற வீடுகளிலிருந்து டாக்டர்களும் வக்கீல்களும் என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சரும் வந்திருக்கிறார்கள். ராஜம் கிருஷ்ணன் அறுபது வருஷத்துக்கு முன்பு தமிழ் வாசகர்களுக்கு எழுதியபோதே படுகச் சொற்களைக் கதைக்குள் தயங்காமல் விட்டார். திரையில் கீழே எழுத்து ஓட்டுகிற வசதி இருக்கிற நீங்கள் 'சாமி' போடுகிறீர்கள்.

ஹெத்தையம்மன் கோயில் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே கேமரா வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னதற்கு உங்கள் தயாரிப்பு நிர்வாகி, "உங்க ஊருக்குத்தானே விளம்பரம்" என்றார். ஹெத்தை என்றால் மூதாட்டி. தங்கள் பாட்டியைத்தான் அவர்கள் தெய்வமாக வைத்திருக்கிறார்கள். மார்கழிப் பண்டிகைக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளை உடுத்தி வருகிறவர்களுக்கு உங்கள் விளம்பரம் எதற்கு?

வகுப்பில் நடந்ததைச் சொன்னால் என் கோபம் புரியலாம். தொண்ணூறுகளின் நடுவில் பதினொன்றாம் வகுப்புக்கு, பாடத்தில் இல்லாவிட்டாலும், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் 'குறிஞ்சித் தே'னை வாசித்துக் காட்டுவேன். பாதி வகுப்பு ஹட்டிப் பிள்ளைகள், மீதி கேம்பிலிருந்தும் எஸ்டேட் லயன்களிலிருந்தும் வந்தவர்கள். மூன்றாவது வாரம் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், எங்க வீட்டு அடுப்பங்கரை இதுல இருக்கு" என்றாள். தமிழ்ப் புத்தகத்துக்குள் தன் வீடு வரும் என்று அவள் அதுவரை நினைத்ததே இல்லை. இன்னொரு பையன் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பாட்டிக்கு ராத்திரி ராத்திரி படித்துக் காட்டினான். பத்து நாள் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தபோது கூடவே ஒரு தாளும் வந்தது. இந்த இடத்தில் சடங்கு இப்படி இல்லை, இந்தச் சொல்லை நாங்கள் இப்படிச் சொல்ல மாட்டோம், இங்கே எழுதியவள் சரியாகப் பார்த்திருக்கிறாள் என்று பாட்டி சொல்லச் சொல்ல அவன் எழுதியது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளை அப்படி எழுதிவரச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் சேர்த்தேன்.

ஆகவே, நாங்கள் அந்த அம்மாவை விக்கிரகமாக்கிப் பூப்போடுகிறவர்கள் இல்லை. அவர் வெளியிலிருந்து வந்தவர். அவர் பார்வையோடு ஹட்டிக்காரர்களுக்குச் சண்டை உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் அவர் வந்து, பார்த்து, கேட்டு எழுதியதால்தான் அந்தப் பாட்டியால் வரிக்கு வரி சண்டை போட முடிந்தது. உங்கள் 'வருது சாமி'யோடு அவர் எந்த வரியில் சண்டை போடுவார்?

நாவலைப் பற்றி இன்னும் கொஞ்சம். சாமையும் ராகியும் விளைந்த நிலத்துக்குள் பணப்பயிரும் தேயிலையும் காசும் நுழைந்து, அண்ணன் தம்பி உறவையே மாற்றிவிடுகிற கதை அது. மின்திட்டமும் அதில் வருகிறது. கதாநாயகன் ஜோகி சிறுவனாக இருந்த காலத்திலிருந்து தலைமுறைகள் நகர்வதைப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சியை வைத்து அளக்கிறார். நீங்கள் நாவல் காட்சிகளையும் தொடரில் நடுநடுவே சேர்த்திருக்கிறீர்கள், நல்லதுதான். ஆனால் ஜோகி குழந்தையாக ஓடும் முதல் காட்சியிலேயே பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டிவிட்ட தேயிலைத் தோட்டம். நிலம் மாறுவதுதான் கதை என்னும்போது மாறிய நிலத்திலேயே ஆரம்பித்தால் அப்புறம் என்ன மாறும்? 2023இல் பசுந்தேயிலைக்குக் கட்டுபடியான விலை கேட்டுக் கோத்தகிரிப் பக்கத்தில் படுக விவசாயிகள் நாள் கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர் அன்றைக்குத் தொட்ட விஷயம் இன்னும் முடியவில்லை. உங்களுக்கு வேண்டிய விறுவிறுப்பு அதில் இருக்கிறது.

இனி அந்த வாலிபன். ஹட்டியைச் சேர்ந்தவனாம், பெயர் தெரியாதவனாம், எழுத்தாளர் மேல் சொல்லாத காதலாம். 64 பக்கத்தில் நான்கு இடத்தில் வந்து கை நிறையக் குறிஞ்சிப் பூ கொடுக்கிறான், நான்கும் வெவ்வேறு வருஷம். அவரே பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் என்று நாவல் முழுக்கச் சொன்ன பூ உங்கள் கதையில் வருஷா வருஷம் பூக்கிறது. பூவை விடுங்கள். இறந்துபோன ஒரு பெண்மணியின் வாழ்க்கையில் இல்லாத ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்த உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? ஒரு பெண் ஹட்டிக்கு ஏன் திரும்பத் திரும்பப் போனாள் என்றால் அதற்கு ஒரு ஆண்தான் காரணமாக இருக்க வேண்டுமா? ஆண் எழுத்தாளர் ஒருவர் உப்பளத்துக்குப் போனால் ஆராய்ச்சி, பெண் போனால் காதல் என்று உங்கள் கதை இலாகாவில் விதி ஏதும் இருக்கிறதா?

மாமியாரைப் பற்றியும் உறவினர்களைப் பற்றியும் அதிகம் சொல்லப் போவதில்லை. அவர்களும் வந்து பதில் சொல்ல முடியாதவர்கள். பன்னிரண்டு காட்சியில் அவர்களை வில்லி ஆக்குவதற்கு முன்னால் அதையும் யோசியுங்கள்.

முதியோர் இல்லத்தை மறைக்கச் சொல்லவில்லை. குழந்தைகள் இல்லை, கணவர் போன பிறகு கையில் இருந்ததும் போனது, முதியோர் இல்லத்திலும் பிறகு சென்னையில் மருத்துவமனையிலும் கடைசி வருஷங்கள் கழிந்தன, 2014 அக்டோபர் 20இல் இறந்தார். தமிழ்நாட்டுக்குத் தலைகுனிவுதான், காட்டத்தான் வேண்டும். ஆனால் அவர் வாழ்ந்தது கிட்டத்தட்ட 89 வருஷம். அதில் கடைசிச் சில வருஷங்களை எடுத்து முதல் காட்சியாகவும் நடுக்காட்சியாகவும் முடிவாகவும் வைத்தால், 1953இல் 'பெண் குர'லுக்குக் கலைமகள் பரிசு வாங்கிய இளம் பெண் எங்கே போனார்? 1973இல் 'வேருக்கு நீர்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வாங்கினாரே, தமிழில் அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர், அந்த நாள் உங்கள் 64 பக்கத்தில் இல்லவே இல்லை. தேடிப் பார்த்தேன். அந்த வருஷத்துக்கு நேராக மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது.

உங்கள் தரப்பில் ஒருவர் என்னிடம், "புக்ஸ் எல்லாம் நாட்டுடைமைதானே டீச்சர், யார்கிட்டயும் கேக்கணும்னு அவசியம் இல்ல" என்றார். உண்மைதான். 2009இல், அவர் உயிரோடு இருந்தபோதே, தமிழ்நாடு அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. பெரும்பாலும் எழுத்தாளர் இறந்த பிறகுதான் செய்வார்கள், அவருக்கு முன்னதாகவே செய்தார்கள். அதனால் 'குறிஞ்சித் தே'னை நீங்கள் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், நானும் அச்சடித்து விற்கலாம். ஆனால் நாட்டுடைமை ஆனது புத்தகங்கள் மட்டுமே. அவர் வாழ்க்கையும் ஹட்டிக்காரர்களின் முகமும் மொழியும் அந்தப் பட்டியலில் வரவில்லை. கேட்க ஆள் இல்லாத சொத்து என்று தெரிந்தால் இரண்டு மடங்கு கவனமாகக் கையாள்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

போகிற போக்கில் ஒன்று. ஏப்ரலில் எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும். அதே வாரம் நீங்கள் இரண்டு டாங்கர் லாரித் தண்ணீரைக் கூரை மேல் பீய்ச்சி மழை எடுத்தீர்கள். ஜூலையில் வந்திருந்தால் இலவசமாகவே கிடைத்திருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மலை இது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒளிபரப்பைத் தள்ளி வையுங்கள். அந்த வாலிபனை அடியோடு எடுத்துவிடுங்கள், இதில் பேரம் கிடையாது. ஹட்டிக் காட்சிகளைப் படுகர்கள் நாலு பேரிடம் படிக்கக் கொடுத்து, உடையையும் வீட்டையும் அவர்கள் சொல்கிறபடி திருத்தித் திரும்ப எடுங்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். அவர்களுக்குள் பேசும்போது படுகத்திலேயே பேசட்டும், கீழே தமிழ் ஓடட்டும். பூத்துக்குளி வேண்டுமென்றால் தோடர்களிடம் போய்க் கேட்டு, அவர்கள் கதையைத் தனியாக எடுங்கள்.

எழுத்தாளரை எழுத விடுங்கள். வாரத்துக்கு ஒரு புத்தகம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கும். உப்பளத்துக்கு, கடற்கரைக்கு, வயலுக்கு அவரை அனுப்புங்கள், திரும்பி வந்து எழுதட்டும், அடித்துத் திருத்தட்டும். ஒவ்வொரு பகுதியும் முடியும்போது அன்றைக்கு வந்த நாவலின் பெயரைத் திரையில் ஒரு பத்து விநாடி நிறுத்துங்கள், பார்க்கிற பெண்ணுக்கு எழுதிவைத்துக்கொள்ள நேரம் கிடைக்கும். கற்பனை சேர்த்த இடம் இருந்தால் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள், கடைசியில் வேகமாக ஓடும் பொடி எழுத்தில் வேண்டாம்.

பூத்துக்குளி போர்த்திய பாட்டிக்கு இரண்டாம் நாள் சம்பளம் 600 ரூபாய் இன்னும் வரவில்லை. மேனேஜர் தருவார் என்றார்கள், மேனேஜர் ஆபீஸில் அனுப்புவார்கள் என்றார். அவர் கேட்க மாட்டார், அதனால் நான் கேட்கிறேன். இந்த மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, என் நோட்டு. பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு, ஹட்டிப் பிள்ளைகள் தங்கள் பாட்டிகளிடம் கேட்டு எழுதிவந்ததெல்லாம் ஒட்டியது. முதல் நாள் காலையில் உங்கள் கதை இலாகாவைச் சேர்ந்த பெண் ஒருவர் ஜெராக்ஸ் எடுத்துவிட்டுத் தருவதாக வாங்கிக்கொண்டு போனார். என்னிடம் வேறு பிரதி இல்லை. சொன்ன பாட்டிகளில் இப்போது ஒருவர்கூட உயிரோடு இல்லை. நீங்கள் அதைப் படித்தீர்களா என்று இனிமேல் கேட்கவில்லை. பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புங்கள், செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.